பூட்டும் உடைமையும்



ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கினோமாயின் அது நம்முடையது. இதனை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. சந்தையில் வாங்கிய மண்வெட்டியைக் கொண்டு எந்த நிலத்தைக் கொத்துவது என்று கொல்லன் நமக்குக் கட்டளையிடுவதில்லை. கடையில் வாங்கிய நூலை நாம் பலமுறை படிக்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், மீண்டும் விற்கலாம், பேரப்பிள்ளைகளுக்கென்று பெட்டியில் வைத்துவிட்டும் போகலாம். இத்துணைத் தெளிவான ஒரு கருத்து, கடந்த ஐம்பது ஆண்டுக் காலத்துள், ஒருவகைப் பொருளைப் பொறுத்தவரையில் சிறிது சிறிதாகத் தேய்ந்து போயிற்று. கணினி விளையாட்டே அப்பொருள். இளைஞரின் பொழுதுபோக்குக்கும் வரலாறு உண்டோ என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். ஆயினும், உடைமை என்பது யாது என்னும் பெருவினா இச்சிறு பொருளிடத்தே மிகக் கூர்மையாக எழுந்துள்ளது. ஆதலின் அதன் வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் நூலின் கதையை நோக்குவோம். 1908 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தீர்க்கப்பட்டது. பொப்ஸ் மெரில் என்னும் பதிப்பகத்தார் ‘த காஸ்ட்டவே’ என்ற நாவலை வெளியிட்டபோது, அதனுள்ளே ஓர் அறிவித்தலையும் அச்சிட்டிருந்தனர். ஒரு டொலருக்குக் குறைவாக இந்நூலை எவரும் விற்றலாகாது என்பதும், விற்பின் அது பதிப்புரிமையை மீறியதாகும் என்பதும் அவ்வறிவித்தலின் பொருள். நியூயோர்க் நகரத்து மேசி பெருங்கடையினரோ அதனைப் பொருட்படுத்தாது 89 சதத்துக்கு விற்றனர். பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்துத் தோற்றனர். பதிப்புரிமை என்பது நூலைப் பெருக்கி முதன்முறை விற்கும் உரிமையே. விற்ற பின்னர் அப்பிரதியின்மீது விற்றவருக்குப் பிடியில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. நூல் வாங்குவோரின் உரிமைக்கு அமெரிக்கச் சட்டத்தில் அத்தீர்ப்பு அடித்தளமாயிற்று.

நூலுக்குப் பொருந்திய இந்நியாயம் கணினி விளையாட்டுக்கு ஏன் எளிதிற் பொருந்தவில்லை? காரணம் அப்பொருளின் இயல்பிலேயே இருக்கின்றது. ஒரு நூலைப் பிரதி எடுப்பது பெரும் உழைப்பு. கணினிக்குரிய மென்பொருளோ பிரதி எடுக்கப்படாமல் இயங்குவதேயில்லை. வட்டிலிருந்து கணினியின் நினைவகத்துக்கு அது செல்லும்போதே ஒரு பிரதி உண்டாகிவிடுகின்றது. ஆயிரமாவது பிரதியும் முதற் பிரதியைப் போன்றே பழுதற்றதாயிருக்கும். ஆகவே, ஆக்கியோன் அஞ்சியதிலும் நியாயம் உண்டு. பல மாதங்கள் உழைத்து ஒருவர் ஆக்கிய பொருளை, ஒருவர் மாத்திரம் வாங்கி ஊர் முழுவதற்கும் பகிர்ந்தளித்துவிட்டால், ஆக்கியோன் வயிறு வளர்ப்பது எங்ஙனம்?

இவ்வச்சம் வெகு விரைவிலேயே வெளிப்பட்டது. 1976 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அக்காலத்தில் இருபது வயது இளைஞராயிருந்த பில் கேட்ஸ், கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பேசிக் என்னும் கணினி மொழிக்கெனத் தாம் நண்பர்களுடன் ஆக்கிய மென்பொருளைப் பயன்படுத்துவோருட் பெரும்பாலார் அதற்கு விலை கொடுக்கவில்லை என்பதே அவர் முறைப்பாடு. அது விளையாட்டன்று, எனினும் பின்வந்த பூசல்கள் யாவற்றுக்கும் தோற்றுவாய் அதுவே எனலாம்.

1980களில் வீட்டுக் கணினிகள் பெருகின. விளையாட்டுக்கள் ஒலிநாடாவிலும் பிளொப்பி வட்டிலும் விற்பனையாயின. ஒலிப்பதிவுக் கருவிகள் இரண்டு இருந்தால் ஒரு பிற்பகலில் நாடாவைப் பிரதி செய்துவிடலாம். இதனைத் தடுக்கப் பலவகைப் பூட்டுக்கள் தோன்றின. பூட்டு என்று இங்கு நான் கூறுவது பிரதி எடுத்தலையும், பிரதி எடுத்ததைப் பயன்படுத்தலையும் தடுக்கும் ஏற்பாடுகளையே. 1985 ஆம் ஆண்டில், ‘எலீட்’ என்னும் விண்வெளி விளையாட்டுடன் லென்ஸ்லொக் என்ற சிறு வில்லைக் கருவி வழங்கப்பட்டது. திரையிலே சிதைந்து தோன்றும் எழுத்துக்களை அக்கருவியூடாக நோக்கி வாசித்தாலன்றி விளையாட்டுத் தொடங்காது. ஆயின், எல்லாத் தொலைக்காட்சித் திரைகளுக்கும் அது பொருந்தவில்லை. பணம் கொடுத்தவர் சிலர் கருவியும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டனர்.

1990 இல் வெளியான ‘மங்கி ஐலன்ட்’ விளையாட்டின் பூட்டு இதனினும் இனியது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு அட்டை வட்டங்களிற் கடற்கொள்ளையரின் முகங்கள் வரையப்பட்டிருக்கும். திரையிற் காணும் முகத்தை அட்டையிலே பொருத்தி, அங்கே தோன்றும் ஆண்டினைக் கணினிக்குக் கூறவேண்டும். வேறு சில விளையாட்டுக்கள், உடன் வந்த கைந்நூலின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் உள்ள சொல் யாது என வினவின. இக்காலப் பூட்டுக்கள் தொல்லை தந்தனவாயினும் அவற்றுக்கு ஒரு நற்பண்பு இருந்தது. பூட்டும் திறவுகோலும் வாங்கியவர் கையிலேயே இருந்தன. அட்டையைத் தொலைத்தால் அது அவர் குற்றம். தொலைக்காது பேணினால் விளையாட்டு அவருடையதே.

1990களில் இறுவட்டு வந்தது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவே பூட்டாக உதவியது. அத்துணைப் பெரிய கோப்பினை வைப்பதற்குச் சாதாரணக் கணினிகளில் இடமிருக்கவில்லை. அத்தசாப்தத்தின் இறுதியில் இறுவட்டு எழுதும் கருவி மலிவடைந்தபோது நிலைமை மாறிற்று. சேஃப்டிஸ்க், செக்குரொம், ஸ்டார்ஃபோர்ஸ் என்ற பெயர்களில் புதிய பூட்டுக்கள் பிறந்தன. இவை வட்டிலே தங்கியிருப்பதோடு அமையாது, வாங்கியவரின் கணினிக்குள்ளும் புகுந்து அதன் ஆழ்ந்த அடுக்குகளில் அமர்ந்துகொண்டன.

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நம் முன்னோர் கூறுவர். சேஃப்டிஸ்க்கின் கதை அத்தகையது. அப்பூட்டின் ஒரு பகுதி விண்டோஸ் இயங்குதளத்துடன் சேர்ந்தே வந்தது. 2007 ஆம் ஆண்டில், தீயோர் கணினியைக் கைப்பற்றுதற்கு அப்பகுதி வழிவிடுகின்றது என்பது கண்டறியப்பட்டு, மைக்ரோசொப்ட் நிறுவனம் அதற்குத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. 2015 இல் வந்த விண்டோஸ் 10 அப்பகுதியை முற்றாக நீக்கிவிட்டது. பாதுகாப்பின் பொருட்டு அது செய்த செயல் சரியானதே. ஆனால் விளைவு யாது? பணம் கொடுத்து வாங்கி, கீறலின்றிப் பேணி வைத்த இறுவட்டுக்கள் பல, புதிய கணினியிலே இயங்க மறுத்தன. பூட்டுடைத்த களவுப் பிரதிகளுக்கோ அத்துன்பம் இல்லை. திருடனைத் தடுக்க வைத்த பூட்டு, திருடன் போனபின் வீட்டுக்காரனை வெளியே நிறுத்திற்று.

வீட்டுக்காரன் தன் பூட்டைத் தானே உடைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் சட்டம் குறுக்கே நின்றது. 1998 இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய எண்மியப் பதிப்புரிமைச் சட்டம், இத்தகைய பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கிற்று. தன் சொந்தப் பிரதியின் பூட்டாயினும் சரியே. விதிவிலக்குக் கோருவோர் மூன்று ஆண்டுக்கொருமுறை பதிப்புரிமை அலுவலகத்தின் முன் விண்ணப்பித்து வாதாட வேண்டும்.

இதன்பின் இணையம் வந்தது, திறவுகோல் கைமாறிற்று. வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2003 செப்டெம்பரில் ஸ்டீம் என்ற இணைய விற்பனை நிலையத்தைத் தொடங்கியது. 2004 இல் அது வெளியிட்ட ‘ஹாப் லைப் 2’ என்ற விளையாட்டை, கடையிலே வட்டாக வாங்கியவரும் ஸ்டீமிற் பதிந்தே ஆடவேண்டியதாயிற்று. இம்முறையில் வசதிகள் பலவுண்டு. வட்டைத் தொலைக்கும் அச்சமில்லை. எக்கணினியிலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பெருந்தொகையான மக்கள் அதனை விரும்பியதில் வியப்பில்லை. ஆயினும், அதுகாறும் வாங்கியவரின் மேசைமேலிருந்த திறவுகோல் அன்று முதல் விற்றவரின் வீட்டுக்குச் சென்றுவிட்டது.

அதன் விளைவுகளை விரைவிலே கண்டனர். 2008 செப்டெம்பரில் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்போர்’ என்ற விளையாட்டை மூன்று முறைக்கு மேல் கணினியில் நிறுவ முடியாதென விதித்தனர். வாங்கியோர் வெகுண்டெழுந்தனர், அமேசன் தளத்திலே ஆயிரக்கணக்கானோர் மிகத் தாழ்ந்த மதிப்பீட்டை இட்டுத் தம் சினத்தைப் பதிந்தனர். மூன்று பின்னர் ஐந்தாயிற்று. அவ்விளையாட்டின் களவுப் பிரதியோ, நூல் வெளியீட்டுக்கு முன்னரே சந்தைக்கு வந்த நகலைப் போல, விற்பனை நாளுக்கு முன்னமே இணையத்திற் பரவியிருந்தது. 2010 இல் யூபிசொப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ என்பதை ஆடும் நேரமெல்லாம் தன் மையக் கணினியுடன் இணைந்திருக்க வேண்டுமென்றது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அம்மையக் கணினிகள் தாக்குண்டு தடுமாறியபோது, பணம் கொடுத்தவர்கள் தம் வீட்டிலிருந்தே தம் விளையாட்டை ஆட முடியாது தவித்தனர்.

இனி நாம் போலந்து நாட்டுக்குச் செல்வோம். பூட்டில்லா விற்பனை என்னும் எண்ணத்துக்குப் பெரும் வலுவூட்டியவர்கள் அந்நாட்டினர். அவர்கள் எத்தகைய சூழலில் இருந்து வந்தனர் என்பதே இவ்வரலாற்றில் மிகச் சுவையான பகுதி.

1989 இல் பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபோது போலந்தில் மென்பொருளைத் தெளிவாகக் காக்கும் சட்டம் இருக்கவில்லை. 1994 பெப்ரவரியிலேயே புதிய பதிப்புரிமைச் சட்டம் பிறந்தது. அதுவரையில், தலைநகராகிய வார்சோவின் கிஷிபொவ்ஸ்கா வீதியில் வாரவிறுதிகளிற் கூடிய கணினிச் சந்தையே விளையாட்டுப் பிரியரின் திருவிழா. அங்கு விற்றவை பெரும்பாலும் பிரதிகள். அவற்றைக் களவு என்று நினைத்தாரும் குறைவு. மார்ச்சின் இவின்ஸ்கி, மிகாவ் கிச்சின்ஸ்கி என்னும் பள்ளித் தோழர் இருவர் அச்சந்தையிற் பழகி வளர்ந்தவர்கள். 1994 இல் அவர்கள் சி. டி. புரொஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அமெரிக்க இறுவட்டுக்களை முறைப்படி இறக்குமதி செய்து விற்கலாயினர்.

களவுப் பிரதி மலிந்த நாட்டில் நேர்மையான பிரதியை விற்பது எப்படி? பூட்டினால் இயலாது என்பதைச் சந்தையிலேயே கற்றிருந்தனர். 1999 இல் ‘பால்டர்ஸ் கேட்’ என்னும் விளையாட்டைப் போலிஷ் மொழியில் வெளியிட்டபோது அவர்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். அவ்விளையாட்டு ஐந்து இறுவட்டுக்களைக் கொண்டது. ஆதலின் அதன் களவுப் பிரதியும் அத்துணை மலிவன்று. தோழர்கள் இவ்விடைவெளியைக் கண்டுகொண்டு, பியோட்டர் ஃபிரொன்செவ்ஸ்கி முதலிய புகழ்பெற்ற நடிகர்களின் குரலைச் சேர்த்தனர். பெட்டியினுள்ளே வரைபடம், விதிநூல், இசைத்தட்டு ஆகியவற்றையும் வைத்தனர். களவுப் பிரதி தரமுடியாத மதிப்பை நேர்ப்பிரதிக்கு ஏற்றினர். முதல் நாளிலேயே 18,000 பெட்டிகள் விற்பனையாயின. அந்நாட்டில் அதற்குமுன் எவ்விளையாட்டும் அவ்வாறு விற்றதில்லை.

இந்த அனுபவத்திலிருந்தே 2008 செப்டெம்பரில் ஜி.ஓ.ஜி. என்னும் இணையக் கடை தோன்றியது. ‘நல்ல பழைய விளையாட்டுக்கள்’ என்பது அவ்வெழுத்துக்களின் விரிவு. கடைகளிலிருந்து மறைந்துபோன பழைய விளையாட்டுக்களை உரியவரிடம் அனுமதி பெற்று, புதிய கணினிகளில் இயங்குமாறு சீர்செய்து, 5.99 டொலருக்கும் 9.99 டொலருக்கும் விற்றனர். பூட்டு எதுவும் இல்லை. வாங்கியவர் கோப்பினை ஒருமுறை இறக்கிக்கொண்டால் அதன்பின் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. பழைய இயங்குதளத்தைப் புதிய கணினியிலே போலச்செய்யும் டொஸ்பொக்ஸ் முதலிய இலவச மென்பொருள்கள் அவர்களுக்குத் துணைபுரிந்தன. விளையாட்டின்மேற் கொண்ட அன்பினால் ஆர்வலர்கள் ஆக்கிய கருவிகள் அவை.

2010 செப்டெம்பரில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. விளம்பரம் கருதி அக்கடையினர், தளம் இனி இவ்வாறே தொடர இயலாது என்று அறிவித்து மூடிவிட்டாற்போல நடித்தனர். வாடிக்கையாளர் திகைத்தனர். சில நாட்களில் கடை மீண்டும் திறந்தது. நடத்துநர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டனர். நல்லறிவற்ற விளம்பரந்தான். ஆயினும் அந்நாட்களில் ஓர் உண்மை புலப்பட்டது. தாம் வாங்கியதை முன்னரே இறக்கி வைத்திருந்தவர்களுக்குக் கடை மூடினாலும் இழப்பில்லை; பின்னர் இறக்குவோம் என்று சோம்பியிருந்தவர்களே கலங்கினர். பூட்டில்லாமை மாத்திரம் உடைமை ஆகாது. பொருளைக் கையில் எடுத்து வைத்தலும் வேண்டும்.

2011 மே மாதத்தில் சி. டி. புரொஜெக்ட் தான் ஆக்கிய ‘விட்சர் 2’ ஐ வெளியிட்டது. தன் இணையக் கடையில் அதனைப் பூட்டின்றி விற்றது. வட்டாக விற்ற பிரதியிலோ வினியோகத்தரின் பொருட்டுச் செக்குரொம் பூட்டு இருந்தது. நடந்தது யாது? பூட்டிய பிரதியே உடைக்கப்பட்டுக் களவிற் பரவியது. பூட்டினால் விளையாட்டு மந்தமுற்றதும் தெரியவந்தது. சில நாட்களிலேயே வெளியிட்ட முதற் திருத்தத்தின் மூலம் அப்பூட்டு எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்கப்பட்டது.

இவர்கள் குறையற்ற முனிவர்கள் என்று நான் கூற வரவில்லை. அவ்விளையாட்டின் களவுப் பிரதிகள் நாற்பத்தைந்து இலட்சம் வரையில் இருக்கலாம் என்று நிறுவனமே மதிப்பிட்டது. மனம் நொந்த நிலையில், ஜெர்மனியில் ஐயத்துக்குரியோருக்குப் பணம் கேட்டு வழக்கறிஞர் மூலம் கடிதங்கள் அனுப்பியது. குற்றமற்றோரும் அகப்படுவர் என்று எதிர்ப்பு எழவே, 2012 ஜனவரியில் அதனைக் கைவிட்டது. பூட்டை நீக்கினால் களவு ஒழியும் என்பது உண்மையன்று. பூட்டினால் களவு ஒழிந்ததும் இல்லை. ஆனால் நேர்மையாளரை நம்பி வாழ முடியுமா என்ற வினாவுக்கு விடை பின்னர் வந்தது. 2015 இல் வெளியான ‘விட்சர் 3’ கணினிப் பதிப்பு முதல் நாளிலிருந்தே ஜி.ஓ.ஜி. கடையிற் பூட்டின்றிக் கிடைத்தது. எல்லா வகைக் கருவிகளுக்குமாக அதன் விற்பனை ஐந்து கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டதென 2023 இல் அறிவிக்கப்பட்டது.

சட்டம் இக்காலத்தில் என்ன கூறிற்று? 2012 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், காலவரையறையின்றி உரிமம் தந்து இறக்கிக்கொள்ள விட்ட மென்பொருளை வாங்கியவர் மறுபடி விற்கலாம் எனத் தீர்த்தது. 1908 ஆம் ஆண்டின் நியாயம் மீண்டும் உயிர்பெற்றதெனப் பலர் மகிழ்ந்தனர். அதனை விளையாட்டுக்கும் ஏற்ற வேண்டுமெனப் பிரான்சின் நுகர்வோர் சங்கம் ஒன்று வால்வ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து 2019 இல் வென்றது. ஆயின் 2022 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிற்று; 2024 இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் அம்மாற்றத்தை உறுதிசெய்தது. விளையாட்டு வெறும் மென்பொருளன்று, இசையும் ஓவியமும் கதையும் கலந்த படைப்பு. ஆதலின் மென்பொருளுக்குரிய விதி அதற்குப் பொருந்தாது என்பது அவர்கள் கண்ட நியாயம்.

இத்தகைய நிலையின் முடிவு எங்கே கொண்டு செல்லும் என்பதை 2024 மார்ச் 31 ஆம் திகதி காட்டிற்று. யூபிசொப்ட் 2014 இல் விற்ற ‘த குரூ’ என்னும் வாகனப் பந்தய விளையாட்டு, தனியே ஆடுவோர்க்கும் மையக் கணினியின் தொடர்பை வேண்டி நின்றது. அன்று அம்மையக் கணினி நிறுத்தப்பட்டது. வாங்கியவர் அனைவரிடமும் இருந்த பிரதிகள் அக்கணத்திலேயே பயனற்றனவாயின. இதனை எதிர்த்து எழுந்த இயக்கம், விற்ற விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்லுமாறு நிறுவனங்களை ஐரோப்பியச் சட்டத்தாற் பணிக்க வேண்டுமெனக் கோரியது. 2025 ஜூலையில் அதன் விண்ணப்பம் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டெம்பரில் ஒரு சட்டம் இயற்றி 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. எண்மியப் பண்டத்தை உரிமமாக மாத்திரம் தருவோர், அதனைத் தெளிவாகக் கூறாமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது. இணையமின்றி நிலையாகப் பயன்படுத்துமாறு இறக்கிக்கொள்ள விடும் பொருளுக்கு அச்சட்டம் விலக்களித்துள்ளது. பூட்டுள்ளதற்கும் பூட்டில்லாததற்கும் உள்ள வேற்றுமையைச் சட்டமே இங்ஙனம் ஏற்றுக்கொண்டது.

இவ்வேற்றுமையை மிகைப்படுத்தவும் கூடாது. பூட்டின்றி வாங்கிய விளையாட்டும் ஒப்பந்தத்தின்படி உரிமமே. அதனைப் பிரதி செய்து பிறர்க்கு வழங்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லை. ஆயினும் பிறருடைய மனமாற்றத்தினாலோ முறிவினாலோ அது அவர் கையைவிட்டு மறைவதில்லை. பிறர் விருப்பிற்கு அமைந்த பயன்பாட்டுக்கும், தன் காவலில் உள்ள பொருளுக்கும் இடையே உள்ள தூரம் அதுவே.

வாங்கியவர் ஒருவரின் நட்டத்தோடு இது முடிவதுமில்லை. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளியான விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 பங்கு இன்று கடையிற் கிடைப்பதில்லை என்று, அத்துறையின் வரலாற்றைப் பேணும் நிறுவனம் ஒன்று 2023 இல் ஆராய்ந்து வெளியிட்டது. நூலகங்கள் தம்மிடமுள்ள அத்தகைய விளையாட்டுக்களை ஆய்வாளர்க்குத் தொலைவிலிருந்து பார்வையிட அளிக்கலாமா என்ற விண்ணப்பத்தை, 2024 ஒக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஒரு தலைமுறையின் கற்பனை, ஓவியம், இசை, நகைச்சுவை ஆகியன அவற்றுள்ளே அடங்கியுள்ளன. வரலாறு கற்பிக்கும் எவரும் அறிவர்: முற்காலத்து ஆக்கங்களுள் நமக்குக் கிட்டியவை, எங்கோ ஒருவர் தம் பிரதியைப் பேணி வைத்தமையாலேயே கிட்டின. பேணுவோர் கையில் பிரதியே இல்லாத காலத்தில் எது எஞ்சும்?

ஆகவே, இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன். ஆக்கியோனுக்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். வாங்குமுன், திறவுகோல் எவரிடம் இருக்கின்றதெனக் கேளுங்கள். பூட்டில்லாதது கிடைக்குமாயின் அதனையே நாடி, இறக்கி, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். வன்தட்டும் ஒருநாள் பழுதாகும். உங்களை நம்பிப் பூட்டாது தந்தவரின் நம்பிக்கையைப் பிரதி செய்து பகிர்ந்து கெடுத்துவிடாதீர்கள். விற்றவர் வாங்கியவரை நம்புவதும், வாங்கியவர் அந்நம்பிக்கைக்கு உரியவராய் நடப்பதும் எந்தப் பூட்டினாலும் செய்து தர முடியாத காவல்.